கடைசி வாங்கு, கதையாதேங்கோ

ஆரம்பப் பாடசாலைக்கு ஒரு பாடத்திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்று பலருக்குப் படிப்பித்தவன் நான். ஆசிரியர் கலாசாலையில் எனக்கு, நோக்கத்திலிருந்து தொடங்கு என்று சொல்லித் தந்தார்கள். பிறகு கல்வி டிப்ளோமா செய்தபோது, பிள்ளையிலிருந்து தொடங்கு என்றார்கள். இரண்டையும் பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி எடுத்தேன். அதிபராக வந்த பிறகு நான் தொடங்கிய இடம் இரண்டுமல்ல. என் கதிரைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய ஒரு கறுப்புப் பலகை. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடையும் பிள்ளைகளின் பெயர்களை வெள்ளை நிறத்தில் எழுதுவதற்கான பலகை அது. நான் பொறுப்பெடுத்தபோது அதில் கீழ்ப்பாதி வெறுமையாகக் கிடந்தது.

அந்தத் தீவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வள்ளத்தில் மட்டும் போகக்கூடிய தீவுகளில் ஒன்று. ஊரில் பாதி கடலுக்குப் போகிற குடும்பங்கள். மற்றப் பாதி ஒரு காலத்தில் தெற்கே கடை வைத்திருந்த குடும்பங்கள். அவர்களில் பெரும்பாலானவர்கள் அப்போதே கனடாவிலும் லண்டனிலும் இருந்தார்கள். நானும் இந்த இரண்டாவது வகைக் குடும்பத்தில் வந்தவன். என் வீடு வேறு தீவில், சரவணையில். கிழமை முழுக்கத் தீவிலே பள்ளிக்கூட அறையில் தங்கி, வெள்ளிக்கிழமை வீடு வருவேன்.

சண்டை முடிந்து, வெளிநாட்டுக்காரர் என்று நாங்கள் சொல்லும் புலம்பெயர்ந்த ஊரவர்கள் வரத் தொடங்கிய காலம். பழைய மாணவர் நாலைந்து பேர் பள்ளிக்கூடம் பார்க்க வந்தார்கள். பிள்ளைகளுக்குப் பேனையும் இனிப்பும் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் என் அறையில் பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"இதிலை என்ரை தம்பியின்ரை பேர் கிடக்கு, மாஸ்ரர்," என்றார்.

"ஓம், பார்த்தனான்."

"அதுக்குக் கீழை ஒண்டுமில்லையே. பள்ளிக்கூடம் நடக்குதோ, இல்லாட்டில் சும்மா திறந்து வைச்சிருக்கிறியளோ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. அடுத்த பள்ளித் தவணைக்கான திட்டத்தை நான் போட்டது அந்தச் சிரிப்புக்காகத்தான். பிள்ளைகளுக்காக என்று அதற்குப் பிறகு பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன்.

எங்களிடம் மூன்றாம், நாலாம், ஐந்தாம் வகுப்புகள் ஒரே மண்டபத்தில் இருந்தன. ஆசிரியை ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து காலை வள்ளத்தில் வந்து பின்னேர வள்ளத்தில் போகும் இளம்பெண். சோளகக் காற்று கடுமையாக அடிக்கிற நாட்களில் வள்ளம் ஓடாது. அன்றைக்கு மண்டபம் முழுக்க என் பொறுப்பு. இத்தனை பிள்ளைகளையும் சேர்த்து வைத்துப் படிப்பித்தால் ஒருவரும் சித்தியடைய மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். யாரையாவது விடவேண்டும். ஆனால் விடுகிறோம் என்று எழுத முடியாது.

வழி ஆசிரியர் வழிகாட்டியிலேயே இருந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்ற மூன்றினாலும் பிள்ளை கற்கவேண்டும் என்று அது சொன்னது. ஒவ்வொரு பிள்ளையும் மூன்றையும் செய்யவேண்டும் என்பதுதான் பொருள். நான் அந்த மூன்றையும் பிள்ளைகளுக்கிடையே பங்கிட்டுவிட்டேன். சிலருக்கு எழுத்துவேலை. மற்றவர்களுக்குச் செயற்பாடு. விளையாட்டு இடைவேளையில் எல்லாருக்கும்.

யாருக்கு எது என்பதை எப்படித் தீர்மானித்தேன் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. பிள்ளைகளின் கெட்டித்தனத்தைப் பார்க்கவில்லை. எந்தப் பிள்ளைக்காக வீட்டிலிருந்து யாராவது வந்து என்னோடு சண்டை பிடிப்பார்கள் என்று பார்த்தேன். சண்டை பிடிக்கக்கூடியவர்களின் பிள்ளைகள் உள்ளே வாங்குப் பலகைகளில் இருந்தார்கள். கடற்கரைப் பிள்ளைகள் வெளியே போனார்கள்.

ஆசிரியை மட்டும் ஒருமுறை கேட்டார்.

"சேர், வழிகாட்டியிலை எல்லாப் பிள்ளையளுக்கும் மூண்டும் எண்டுதானே கிடக்கு?"

"வழிகாட்டி எழுதினவர் இஞ்சை வந்து பார்த்தவரோ, ரீச்சர்?"

"இல்லை, ஆனால்..."

"வந்தால் அவரிட்டைக் கேட்பம். உங்களுக்கு எல்லாரையும் வைச்சு மாரடிக்க விருப்பமெண்டால் ஓம் சொல்லுங்கோ. பின்னேர வள்ளத்தை விட்டிட்டு நிண்டு படிப்பியுங்கோ. நான் மறிக்கேல்லை."

அவருக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது எனக்குத் தெரியும். அவர் வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார்.

வெளியே போன பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று சொல்கிறேன். நல்ல தண்ணீர்க் கிணறு பள்ளிக்கூடத்துக்கு வெளியே, சற்றுத் தூரத்தில் இருந்தது. அங்கிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மரங்களுக்கும் பூங்கன்றுகளுக்கும் ஊற்றினார்கள். பாடக்குறிப்பில் அது கணிதம், கொள்ளளவு. பூவரசம் சருகுகளைக் கூட்டி அள்ளினார்கள். அது சுற்றாடல். மலசலகூடம் கழுவினார்கள். அது சுகாதாரப் பழக்கம். ஒவ்வொன்றுக்கும் தேர்ச்சி எது, தேர்ச்சி மட்டம் எது என்று நான் அழகாக எழுதி வைத்தேன். எனக்கு எழுத்து நன்றாக வரும். யார் படித்தாலும், இந்தத் தீவிலே ஒரு முன்னேறிய பள்ளிக்கூடம் நடக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

நான் எழுதினதைப் பிள்ளைகள் படிக்கவில்லை. அவர்கள் உள்ளதைச் சொன்னார்கள். ஒரு தவணை முடியமுன்னமே 'செயற்பாடு' என்ற சொல் அந்தத் தீவில் வசையாகிவிட்டது. "அவன் செயற்பாடு, அவனோடை சேராதை," என்று வாங்கில் இருப்பவன் சொல்வான். கடையில் ஒரு தாய் மகனுக்குச் சொன்னதை நானே கேட்டேன்: "பாடமாக்காமல் திரி. சேர் உன்னையும் செயற்பாட்டிலை விடுவார், வாளி தூக்கு." கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிள்ளையை மையமாகக் கொண்ட கல்வி வேண்டும் என்று எத்தனையோ பேர் யோசித்து உருவாக்கிய சொல் அது. எங்கள் ஊரில் அதற்கு வாளி தூக்குகிற பிள்ளை என்று பொருள் வந்தது. அந்தப் பொருளைக் கொடுத்தவன் நான்.

வெளியே நின்றவர்களில் ஒரு பெண்பிள்ளை. மூன்றாம் வகுப்பு. முதல் இரண்டு வகுப்பும் சண்டைக் காலத்தில் பாதி நாள் நடக்காமலே போனவை. தகப்பன் கடலுக்குப் போகிறவர். கிணற்றுத் தண்ணீரில் தோய்த்துப் பழுப்பேறிய வெள்ளைச் சட்டை. மண்டப யன்னலுக்குக் கீழே இருந்த செவ்வரத்தைச் செடி வரிசை அவளுடைய பொறுப்பு. மற்றப் பிள்ளைகள் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடுவார்கள். இவள் ஒரு செவ்வரத்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டு நெடுநேரம் நிற்பாள். வேலை செய்யப் பஞ்சியில் நிற்கிறாள் என்று நினைத்து இரண்டு தடவை ஏசினேன். மூன்றாம் தடவை கிட்டப் போனபோது வாய் அசைவதைக் கண்டேன். உள்ளே ஆசிரியை வாசிப்புப் புத்தகத்தை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். இவள் கூடவே சொல்லிக்கொண்டிருந்தாள். ஏசாமல் திரும்பி வந்தேன். அவளை உள்ளே கூப்பிடவேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

சில நாட்கள் கழித்து அவளுடைய தாய் வந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, பெட்டையை ஒருக்கால் உள்ளுக்கு இருத்தி விடுங்கோவன்."

"ஏன், வெளியிலை அவளுக்கு என்ன குறை?"

"குறையெண்டில்லை ஐயா. உள்ளுக்கு இருந்தால் வாசிக்கப் பழகுவாள்தானே. எனக்கும் வாசிக்க ஏலாது. இவருக்கும் ஏலாது. வீட்டிலை ஒராளுக்கெண்டாலும் தெரிஞ்சிருந்தால்..."

"அவளுக்கு வாசிக்கத் தெரியாதெண்டு உமக்கு ஆர் சொன்னது?"

தாய் என்னைப் பார்த்தாள். நான் பிள்ளையைக் கூப்பிட்டேன். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மேசையில் கிடந்த வாசிப்புப் புத்தகத்தை எடுத்து, அந்தக் கிழமை முழுக்க யன்னல் வழியே கேட்ட பாடத்தின் பக்கத்தை நானே விரித்துக் கையில் கொடுத்தேன். அதில் ஓர் ஆட்டுக்குட்டியின் படம் இருந்தது.

"வாசி பிள்ளை, அம்மா கேட்கட்டும்."

அவள் புத்தகத்தைப் பிடித்தாள். கண் எழுத்தில் இல்லை, படத்தில் இருந்தது. ஆசிரியையின் குரலிலேயே, அதே நிறுத்தத்தோடு சொன்னாள்:

"ஆட்டுக்குட்டி குளத்துக்குப் போனது. குனிந்து தண்ணீரைப் பார்த்தது. அங்கே இன்னோர் ஆட்டுக்குட்டி நின்றது. கடைசி வாங்கு, கதையாதேங்கோ. நீ யார் என்று ஆட்டுக்குட்டி கேட்டது."

கடைசி வாங்கில் இருப்பவர்களை ஆசிரியை வாசிப்பின் நடுவே, பேசவேண்டாம் என்று அதட்டுவது வழக்கம். அந்த அதட்டலையும் பாடத்தோடு சேர்த்து அவள் மனதில் வைத்திருந்தாள். எது புத்தகம், எது ரீச்சர் என்று பிரித்தறிய அவளுக்கு வழியில்லை. அந்தப் புத்தகத்தை அவள் கையில் எடுத்தது அன்றுதான் முதல் தடவை.

தாயின் முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு முகத்தை அதற்குப் பிறகு நெடுங்காலம் நான் காணவில்லை.

"செயற்பாட்டிலை நிண்டே வாசிக்கிறாள் பாரும்," என்றேன். "உள்ளுக்கு இருக்கிறதுகளை விடத் திறம். இதுக்குப் பிறகும் உள்ளுக்கு வேணுமோ?"

"ஐயோ வேண்டாம் ஐயா. நான் விளங்காமல் வந்திட்டன்."

இருவரும் முற்றத்தைக் கடந்து போகும்போது தாய் கேட்டது என் காதில் விழுந்தது. "ஆட்டுக்குட்டி ஆரையடி கதையாதேங்கோ எண்டது?"

"தண்ணிக்கை நிக்கிற ஆட்டை அம்மா," என்றாள் பிள்ளை.

அடுத்த நாள் காலை அந்த வீட்டிலிருந்து ஓலைப் பெட்டியில் நீலக்கால் நண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில் சமைக்கிற அம்மா குழம்பு வைத்தார். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் ஒரு தாயை ஏமாற்றியவன் என்று மட்டும் இருந்திருப்பேன். அந்த வருடம் மேலிடத்திலிருந்து பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்தார்கள். என் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட ஒரு பிள்ளை வேண்டும். வருவதற்கு முதல் நாள் அவளை அறைக்குக் கூப்பிட்டுச் சொல்லவைத்துப் பார்த்தேன்.

"கடைசி வாங்கு எண்டு ஒண்டு சொல்லுறாய் எல்லே, அதை விட்டிடு," என்றேன்.

"ஏன் சேர், அது புத்தகத்திலை இல்லையோ?"

அவள் அப்படிக் கேட்டபோது உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. சொல்லியிருந்தால் எழுத்தென்றால் என்னவென்று அந்த இடத்திலேயே அவளுக்கு விளங்கியிருக்கும். கெட்டிக்காரி, ஒரு வசனம் போதும்.

"இருக்கு," என்றேன். "ஆனால் பெரியாக்களுக்கு முன்னாலை அதைச் சொல்லக்கூடாது. மரியாதையில்லை."

அவள் தலையாட்டினாள். அடுத்த நாள், செவ்வரத்தைக்குப் பக்கத்தில், வாளியைக் கீழே வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு முன்னால் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். அந்த இடம் வந்தபோது மட்டும் ஒருதரம் எச்சில் விழுங்கினாள். என்னைப் பார்த்தாள். பிறகு தொடர்ந்தாள். கைதட்டினார்கள்.

வந்தவர்களில் ஓர் அம்மா, "அடுத்த பக்கத்தையும் வாசிப்பிப்பமே?" என்றார்.

"பிள்ளை காலமை தொடக்கம் தண்ணி ஊத்தினது, களைச்சுப் போச்சு," என்றேன். "தேத்தண்ணி ஆறுது, வாங்கோ."

வெளியில் நின்றே வாசிக்கப் பழகிய பிள்ளை என்று அவர்கள் எழுதினார்கள். என் திட்டத்தை மற்றச் சின்னப் பாடசாலைகளுக்கும் கொடுத்தார்கள். நானே வள்ளத்தில் போய்ப் பல இடங்களில் விளக்கினேன். பலகையில் கடைக்காரரின் மகனுடைய பெயர் ஏறியது. வெளிநாட்டுக்காரர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆசிரியை மாற்றம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை ஐந்தாம் வகுப்புக்கு வருமுன் நான் ஓய்வு பெற்றேன்.

இதெல்லாம் நடந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. இப்போது சரவணையில் இருக்கிறேன். கண் ஒன்று மங்கல். போன ஆவணியில் ஒரு நாள் வாசல் படலையில் கருவாடு விற்கிற சத்தம் கேட்டது. வெளியே போனேன். கூடையோடு ஓர் இளம்பெண்.

"சேர், என்னைத் தெரியேல்லையோ? செவ்வரத்தைக்குத் தண்ணி விட்டனான்."

இருக்கச் சொன்னேன். தாயைப் போலவே இவளும் இருக்கவில்லை. மதிலில் கூடையை வைத்துவிட்டு நின்றாள். எனக்குப் பாரைக் கருவாடு விருப்பமோ என்று கேட்டாள். பிறகு, அதே குரலில், எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னாள்:

"அஞ்சாம் வகுப்புச் சோதினையிலைதான் சேர் எனக்குத் தெரிஞ்சது. அதுக்கு முன்னம் வெளியிலை நிண்ட எங்களுக்குச் சோதினை இல்லைத்தானே. கடதாசியைத் தந்திச்சினம். ஆரும் உரத்து வாசிப்பினம், கேட்டுச் சொல்லுவம் எண்டு இருந்தன். எல்லாரும் குனிஞ்சு எழுதிச்சினம். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. மணி அடிக்கும் மட்டும் அப்பிடியே இருந்தன்."

கூடையை மதிலின் நிழல் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அது வாசிப்பில்லை எண்டு உங்களுக்கு அப்பவே தெரியுமோ சேர்?"

"தெரியும்."

"ஓம். நானும் அப்பிடித்தான் நினைச்சனான்." ஒரு கருவாட்டைப் புரட்டிப் பார்த்துத் திரும்ப வைத்தாள். "அம்மாவுக்குச் சொல்லேல்லை. அவ இப்பவும் ஊரெல்லாம் சொல்லித் திரியிறா, என்ரை பெட்டை தண்ணி ஊத்தி ஊத்தியே படிச்சவள் எண்டு. கடிதம் வந்தால் என்னட்டைத்தான் தாறா. நான் பக்கத்து வீட்டு அக்காட்டைக் குடுத்துக் கேட்டுப்போட்டு வந்து, வாசிக்கிறமாதிரிச் சொல்லுறனான்."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவள் வந்தது அதற்கல்ல.

"என்ரை மகள் வாற வருசம் முதலாம் வகுப்பு. அங்கை இப்பவும் உங்கடை முறைதான் சேர். கடற்கரைப் பிள்ளையள் முதலாம் வகுப்பிலை இருந்தே வெளியிலை. புதுப் பாடத்திட்டத்துக்கு ஏதோ கூட்டமாம், உங்களையும் கூப்பிட்டிருக்காம் எண்டு அதிபர் சொன்னவர். அது பிழையெண்டு நீங்கள் சொன்னால் கேட்பினம். உங்கடையெல்லே. அவளை உள்ளுக்கு இருத்தச் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் வேண்டாம்."

"சொல்லுறன்," என்றேன்.

கூட்டம் பட்டணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேசைக்கு மேசை பெரிய வெள்ளைக் கடதாசியும் நிறப் பேனைகளும். சிறிய பாடசாலைகளில் புதிய திட்டத்தை எப்படிப் பொருத்துவது என்பதுதான் தலைப்பு. நடத்தியவர் முப்பது வயது மதிக்கத்தக்க அதிகாரி. நல்ல பிள்ளை. என்னை மூத்தவர் என்று முதலில் பேசக் கூப்பிட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். யாரை வெளியே விட்டேன், ஏன் விட்டேன் என்று சொன்னேன். வாளியை, நண்டை, கடைசி வாங்கைச் சொன்னேன். அந்த இடத்தில் மண்டபம் சிரித்தது. சிரிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் ஒரு காலத்தில் அதை நினைத்துச் சிரித்தவன். அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் வாசிக்க ஏலாது என்று சொல்லி முடித்தேன்.

அந்த அதிகாரி எழும்பினார்.

"சேரின்ரை அடக்கத்தைப் பாருங்கோ," என்றார். "தன்ரை வெற்றியைக்கூடப் பிழையெண்டு சொல்லுறார். ஆனால் கவனியுங்கோ, ஒரு பிள்ளை யன்னலுக்கு வெளியிலை நிண்டு முழுப் பாடத்தையும், ரீச்சர் அதட்டினதையும் சேர்த்து மனதிலை வைச்சிருக்கு. இதைத்தானே நாங்கள் கேட்டல் திறன் எண்டுறம்?"

கடதாசியில் பச்சைப் பேனையால் எழுதினார்: 'வகுப்பறைக்கு வெளியே கேட்டல் வழிக் கற்றல்.' அதன் கீழே கோடு போட்டார்.

"நான் சொன்னது அதில்லை, தம்பி," என்றேன்.

"விளங்குது சேர். மற்றக் குழுக்களும் சொல்லவேணும். நேரம் போட்டுது."

இன்னொரு தரம் எழும்பியிருக்கலாம். மேசையில் தட்டியிருக்கலாம். சாப்பாட்டுப் பார்சல்கள் வந்தன. நான் என்னுடையதை வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் இருந்தேன். அந்தத் தீவின் இப்போதைய அதிபர் பக்கத்தில் வந்து இருந்து, "நீங்கள் தொடக்கினதை நாங்கள் விடமாட்டம் சேர்," என்றார். கோழிக் குழம்பு உறைப்பாக இருந்தது என்பது நினைவிருக்கிறது.

அடுத்த கிழமை அவள் படலையில் நின்றாள். கூடையை இறக்கமுன்னமே கேட்டாள்.

"சொன்னீங்களோ சேர்?"

"சொன்னனான்."

"எல்லாத்தையுமோ? அந்தக் கடைசி வாங்கையும்?"

"எல்லாத்தையும்."

"என்னவாம்?"

என்னவென்று அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவள் வேறு ஏதாவது வழி பார்த்திருப்பாள். வேலணைப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிள்ளையை விட்டு அங்கே பள்ளிக்கூடம் அனுப்பியிருப்பாள். அவளுடைய முகத்தில் அன்றைய தாயின் முகம் வந்துகொண்டிருந்தது. என்னால் அதைக் குழப்ப முடியவில்லை.

"எழுதிப்போட்டினம்," என்றேன்.

"எழுத்திலையோ?"

"ஓம். பெரிய கடதாசியிலை, கீழை கோடும் போட்டு."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "எழுதிச்சினமெண்டால் சரி சேர். பிறகு மாத்த ஏலாதுதானே?"

"ஏலாது," என்றேன்.

கூடையைக் கிளறி, இருந்தவற்றில் பெரிய பாரைக் கருவாட்டை எடுத்துக் கடதாசியில் சுற்றி மதிலில் வைத்தாள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.